ஒன்பது பொருத்தமும் மூன்றாவது டிக்கெட்டும்

சத்தியம். தலையில் அடித்துச் சத்தியம். நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றால் என்ர லைசென்ஸைப் பிடுங்கி ஒன்ராறியோ வாவிக்குள் எறியுங்கோ, மிச்சக் காலத்துக்கு நான் பஸ்ஸில் போய்வருவன். என்ர மற்றக் கதைகளைப்பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. நயாகராவில் விழுந்த என்ர தொப்பி மூன்று நாள் கழித்து வீட்டுக் குழாயால் வந்த கதையை நீங்கள் நம்பாமல் விட்டதும் எனக்குத் தெரியும். இது அப்படியில்லை. அருளம்பலத்தின் மனதுக்குள் ஓடினதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பியள். அவனுக்குப் பக்கத்துச் சீட்டில் ஒரு வாளி பயத்தம் பணியாரம் இருந்தது. மூடி சரியாய் இறுகவில்லை. அது எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்தது. அதுக்கு மேலே சாட்சி வேண்டுமோ?

பத்தரை மணி இருக்கும், ஞாயிற்றுக்கிழமை, மார்க்கம் வீதியின் ஓரம். அருளம்பலம் கலியாண வீட்டுக்குப் போகப் பட்டுவேட்டியும் புதுச் சேட்டுமாய் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தான். கார் நிற்கிறது, ஆனால் கையை எடுக்கப் பயம், எடுத்தால் அதற்கும் ஒரு டிக்கெட் இருக்குமோ யார் கண்டது. பின்னால் பொலிஸ் கார். அதன் சிவப்பும் நீலமும் மாறி மாறி வந்து பணியார வாளியின் மூடியில் விழுந்து, கோயில் வாசலில் தொங்கும் கலர் பல்பு மாதிரி மின்னி மின்னி அணைந்தன. லைசென்ஸை வாங்கிக்கொண்டு பொலிஸ்காரன் தன்ர காருக்குள் போய் நாலு நிமிஷம். எழுதட்டும், ஆனால் என்னத்தை எழுதுகிறான்? அதுதான் தெரியவேண்டும். முன்னுக்குப் போன சாம்பல் நிறக் கார் இப்போது கண்ணிலேயே இல்லை, அடுத்த லைட்டையும் தாண்டியிருக்கும், நின்று பார்த்தால்தானே, அந்தாள் எங்கே நிற்கப்போகிறது. அதற்குள் அவனுடைய மனுசி தவராணி இருக்கிறாள், முன் சீட்டில். ஓட்டுகிறவர் அவளின் தமக்கை புருஷன் விக்கினராசர், அருளம்பலத்துக்குச் சகலன். தமக்கை செல்வராணி முழங்கால் நோவென்று பின்சீட்டு முழுக்கக் காலை நீட்டிக்கொண்டாள், ஆகையால் தவராணி முன்னுக்கு. நியாயமான காரணம்தான். முழங்கால் நோவை யார் குறை சொல்லுவது. ஆனால் வீட்டடியிலிருந்து அந்தக் காரின் பின்கண்ணாடிக்குள் தெரிந்த இரண்டு தலைகளையுமே பார்த்துக்கொண்டு வந்தவனுக்கு முழங்காலும் தெரியவில்லை, நியாயமும் தெரியவில்லை. வலப்பக்கம் மல்லிகைப்பூ வைத்த தலை. இடப்பக்கம் அறுபத்தாறு வயதிலும் ஒரு மயிர் கொட்டாத தலை, அது இன்னொரு அநியாயம். மல்லிகைத் தலை ஒருதரம் இடப்பக்கம் திரும்பிச் சிரித்தது. என்னத்துக்குச் சிரித்தவள்? ஒரு சிவப்புக் கார் இடையில் புகப்பார்த்தது. புகுந்தால் சிரிப்பு மறைந்துபோகும். விடுவானா? நெருங்கினான். இன்னும் நெருங்கினான். மல்லிகைப்பூவை எண்ணலாம் என்ற அளவுக்கு நெருங்கினபோதுதான் பின்னுக்கு அந்தச் சிவப்பும் நீலமும் வந்தது.

"ஏன் மறிச்சனான் எண்டு தெரியுமோ?" என்று கண்ணாடிக்குக் குனிந்து கேட்டான் பொலிஸ்காரன்; இங்கிலீசில்தான் கேட்டான், நான் உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். இளந்தாரி, செம்பட்டை மீசை. "முன்னுக்குப் போன காரோடை ஒட்டிக்கொண்டு போனியள். ஏன் அவ்வளவு கிட்ட?" இதற்குச் சொல்லக்கூடிய மறுமொழி எத்தனை கிடக்கு. கலியாணத்துக்கு நேரம் போச்சு என்று சொல்லலாம். மண்டபத்துக்கு வழி தெரியாது, அவையின்ர பின்னாலை போறன் என்று சொல்லலாம். மன்னிக்கோணும் எண்டுபோட்டு வாயை மூடலாம். முப்பது வருஷம் இந்த நாட்டில் கார் ஓட்டினவன் என்ன சொன்னான் தெரியுமோ? "அந்தக் காருக்குள்ளை இருக்கிறது என்ர மனுசி." செம்பட்டை மீசை இன்னும் கீழே குனிந்தது. "உங்கட மனுசி?" "ஓம்." "ஓட்டுறது ஆர்?" விக்கினராசர் என்ற பேர் தொண்டை வரைக்கும் வந்தது, அதுக்கு மேலே வரமாட்டன் என்றது. "அது... வேறை ஆள்." ஐயோ. வேறை ஆள். சொல்லி முடிந்தபிறகுதான் அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று அவனுக்கு உறைத்தது, மனுசி ஒருத்தனோடை போறாள், இவன் பின்னாலை கலைச்சுக்கொண்டு போறான், பேப்பரில் வருகிற செய்தி மாதிரியே இருந்தது. பொலிஸ்காரனின் குரல் திடீரென்று மெதுவாகிவிட்டது, மெதுவானது இன்னும் பயம். கண் வாளிக்குப் போனது. "உதுக்குள்ளை என்ன?" "பணியாரம்." "சீட் பெல்ட் போட்டிருக்கு?" "மனுசிதான் போட்டுவிட்டவ." அது உண்மை. வெளிக்கிடும்போது தவராணி தன்ர இடத்தில் வாளியைத் தூக்கி வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டி, மூடியில் ஒரு தட்டுத் தட்டி, "இதையாவது பத்திரமாக் கொண்டுவந்து சேருங்கோ" என்றாள். இதையாவது. அந்த "ஆவது"க்குள் முப்பத்துநாலு வருஷம் இருந்தது.

ஏழு நிமிஷம். நெய்யும் பயறும் ஏலக்காயும் கலந்த வாசம் காருக்குள் ஏறிக்கொண்டே இருந்தது. கண்ணாடியை இறக்கலாமோ? இறக்கினால் ஓடப்பார்க்கிறான் என்று நினைப்பானோ? என்னத்தை எழுதுவான், கிட்டப் போனது என்று எழுதுவானா, கவனமில்லாமல் ஓட்டினது என்று எழுதுவானா? முதலாவது சின்னச் சாதி. இரண்டாவது பெரிய சாதி, அது வந்தால் ஆள் முடிந்தான். இந்தச் சாதி பிரிக்கிறதை அவனுக்குப் படிப்பித்தது இன்சூரன்ஸ் ஏஜென்ட் கிருபாகரன். மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் சின்ன அறை, மேசையில் ஒரு பிள்ளையார், கிருபாகரன் கம்பியூட்டரிலிருந்து அருளம்பலத்தின் பேரில் இருக்கிற குற்றப் பேப்பரை எடுத்து விரித்து, நெற்றியைச் சுருக்கி, விரலை ஒவ்வொரு வரியாய் வைத்துப் போன விதத்தைப் பார்த்தால் ஊரில் சாத்திரியார் ஓலையை விரித்த மாதிரியே இருக்கும். "அண்ணை, இந்த இடத்திலை ஒண்டு நிக்குது." "என்னது?" "வேகம்." "அது லைசென்ஸிலை குற்றப் புள்ளி ஏறாத டிக்கெட் தம்பி! பொலிஸ்காரன் பாவம் பாத்து, கூடின வேகத்தைப் பதினைஞ்சு கிலோமீற்றராக் குறைச்சுப் போட்டவன், நான் கையெடுத்துக் கும்பிட்டெல்லே வாங்கினனான்." உண்மைதான், கும்பிட்டான், அன்றைக்குப் பின்னேரம் கோப்பிக் கடையில் நாலு பேருக்குக் கோப்பியும் வாங்கிக் கொடுத்தான், புள்ளி இல்லை புள்ளி இல்லை என்று பெடியன் சோதினை பாஸ் பண்ணின மாதிரிச் சொல்லித் திரிந்தான். கிருபாகரன் சிரிக்கவில்லை. "புள்ளி லைசென்ஸுக்கு அண்ணை. இன்சூரன்ஸ்காரன் புள்ளியைப் பாக்கிறேல்லை, குற்றத்தைத்தான் எண்ணுறவன். பதினைஞ்சும் குற்றம்தான். மூண்டு வருஷம் நிக்கும்." மூன்று வருஷமா, சனி மாறுகிறதுகூட இரண்டரை வருஷத்தில் மாறிப்போகுமே. "பிறகு இஞ்சை இன்னொண்டு. பெல்ட் போடாதது." "வீட்டு வாசலாலை வெளிக்கிடேக்கை தம்பி, ரோட்டிலை ஏறிப் போடுவம் எண்டு..." "சின்னன்தான். ரெண்டும் சின்னன். ஆனா ரெண்டு சின்னன். காசை ஏத்தித்தான் இருக்கிறாங்கள், பாத்தனீங்கள்தானே. மூண்டாவது வந்தா இந்தக் கொம்பனி உங்களை வைச்சிருக்கிறது கஷ்டம். பெரிசா ஏதும் வந்தா, ஃபோனைக் கையிலை வைச்சிருந்தது, கவனமில்லாமை ஓட்டினது, அப்பிடி ஏதும், பிறகு நான் பிள்ளையாரைத்தான் பாக்கோணும்." காரைக் கண்ட இடத்தில் விட்டதுக்குக் கண்ணாடித் துடைப்பானில் செருகிவிட்டுப் போகிற டிக்கெட் எத்தனை கட்டியிருப்பான், அதெல்லாம் இந்தப் பேப்பரில் இல்லையாம், அது காருக்கு வாறது, ஆளுக்கு இல்லையாம். நல்லது செய்தது ஒன்றும் எழுதுகிற இடம் அந்தப் பேப்பரில் இல்லையோ என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினான்.

சேட்டுப் பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. நெஞ்சுக்கு நேரே. முதலில் இருதயம்தான் என்று நினைத்தான், அப்படித்தான் தொடங்குமாம், இடப்பக்கம், ஒரு அதிர்வு, பிறகு கைக்குப் போகுமாம், செத்தால் இந்த டிக்கெட் யாருக்கு? எட்டிப்பார்த்தான், தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் இறக்கி. தவம் என்று மனுசியின் பேர் மின்னியது. எடுக்கலாமோ? எடுத்துக் காதில் வைக்கிற நேரத்தில் அவன் வந்தால், நிற்கிற காரென்று சொல்லி வழக்காடலாமோ, பெரிய சாதி டிக்கெட் அது, எடுக்காதே. அடித்து ஓய்ந்தது. என்னத்துக்கு எடுக்கிறாள்? "எங்கை நிக்கிறியள், நாங்கள் வந்திட்டம்" என்று சொல்லத்தான். நாங்கள். அங்கே பக்கத்தில் அந்தாள் சிரித்துக்கொண்டிருக்கும், "தம்பி திரும்பவும் எங்கையோ மாட்டுப்பட்டிட்டார் போலை" என்று, மெல்லிசாய், பண்பாய், ஒருபோதும் உரக்கச் சிரிக்காத சிரிப்பு. இருபத்திரண்டு வருஷம் ஒரு டிக்கெட் இல்லை அந்தாளுக்கு. யாருடைய பிறந்தநாள் வீடென்றாலும், சாப்பாட்டுத் தட்டோடு நாலு ஆம்பிளையள் சேர்ந்தால் கதை காரில் தொடங்கி இன்சூரன்ஸில் வந்து நிற்கும், நீ எவ்வளவு கட்டுறாய் நான் எவ்வளவு கட்டுறன் என்று, அப்போது எல்லாரும் சொல்லி முடிக்கும் மட்டும் விக்கினராசர் பொறுமையாய் வடையைக் கடித்துக்கொண்டு நிற்பார், கடைசியாய்த் தன்ரையைச் சொல்லுவார், அருளம்பலம் கட்டுறதில் பாதி, சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்கிற மாதிரித் தலையைச் சரிப்பார். அந்தத் தலைச் சரிப்பைத்தான் தாங்க ஏலாது. குசினி வாசலில் நின்று தவராணி, "அத்தானுக்குக் கை நடுங்காதப்பா. ஒரு சொட்டுத் தேத்தண்ணி சிந்தாமல் மொன்றியல் வரைக்கும் ஓட்டுவார்" என்பாள். தேத்தண்ணி. இவன் கார் ஓட்டும்போது ஒருநாளாவது அவள் தேத்தண்ணி கொண்டுவந்ததுண்டோ? ஒருக்கால், ஒரேயொருக்கால், போன மாரியில், அந்தாளுக்குச் சிவப்பு லைட் கமெரா படம் எடுத்துக் கடிதம் வந்ததென்று கேள்விப்பட்டு அருளம்பலம் அரைநாள் சந்தோஷமாய் இருந்தான். அப்படியொரு சந்தோஷம் மகன் பிறந்த அன்றைக்கும் இருந்ததில்லை, பாவம் சொல்லக்கூடாது, ஆனால் உண்மை. பின்னேரமே கிருபாகரனிடம் ஓடினான், யாரோ தெரிந்த ஆளுக்கு என்று சொல்லி. "அது கணக்கில்லை அண்ணை. கமெராவுக்குக் காரின்ர பின்பக்கம்தான் தெரியும், ஆர் ஓட்டினதெண்டு தெரியாது. சொந்தக்காரருக்குக் கடிதம் வரும், கட்டினாச் சரி. ரெக்கோட்டிலை ஏறாது, இன்சூரன்ஸ் காசும் ஏறாது." பார், பார். கமெராகூட அந்தாளுடைய முகத்தைப் பார்க்க மாட்டுதாம்.

ஃபோன் திரும்பவும் அதிர்ந்து ஓய்ந்தது. பின்கண்ணாடியில் பார்த்தான், பொலிஸ்காரன் றேடியோவில் கதைக்கிறான், வாய் அசைவது தெரிகிறது, மனுசி, வேறை ஆள், வாளி. வாளிக்குள் வெடிகுண்டென்று நினைத்திருப்பானோ? வியர்வை சேட்டுக் கொலரில் இறங்கியது. ஒன்பது. திடீரென்று அந்த எண் வந்தது, எங்கிருந்தென்று தெரியாமல், எப்போதும் அப்படித்தான் வரும், பல்லுக்குள் இறைச்சி நார் மாட்டின மாதிரி நாக்கு அங்கேயே போய்ப் போய்த் தடவும். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது. இது நடந்தது கலியாணத்துக்கு முந்தி, அவன் இந்தக் குடும்பத்தை அறியாத காலம். தரகர் விக்கினராசரின் சாதகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க, சாத்திரியார் தவராணி வீட்டு இரண்டு பெட்டையளின் சாதகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். மூத்தது செல்வராணிக்கு ஆறு. இளையது தவராணிக்கு ஒன்பது. ஆனால் மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுக்கிற வழக்கமில்லை, ஆறு போதும் என்று தகப்பன் சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து அருளம்பலத்தின் சாதகம் போனது, ஐந்தரை. அரை எப்படி வந்ததென்று இன்றைக்கும் அவனுக்கு விளங்கவில்லை, பொருத்தத்தில் அரை உண்டோ, சாத்திரியார் பாவம் பாத்துப் போட்டிருப்பார், அந்தப் பொலிஸ்காரன் பதினைஞ்சாய்க் குறைத்த மாதிரி. இதெல்லாம் அவனுக்குத் தெரியாமலே இருந்திருக்கும், செல்வராணியின் பேத்தியின் முதலாவது பிறந்தநாளில் அவள் கேக் சாப்பிட்டுக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் சொன்னாள்: "தவத்தின்ர சாதகம்தான் இவருக்கு ஒன்பது பொருந்தினது. நான் முந்திப் பிறந்தபடியாலை ஆளைப் பிடிச்சிட்டன்!" எல்லாரும் சிரித்தார்கள். விக்கினராசர் தலையைச் சரித்தார். தவராணி சிரித்தாளா? அங்கேதான் மனம் ஒவ்வொரு முறையும் மாட்டுப்படும். அன்றைக்கு அவளின் முகத்தை இவன் பார்க்கவில்லை, பார்க்கப் பயந்து கேக்கைப் பார்த்தான், மஞ்சள் கேக், அதன் மேல் ஒரு மெழுகுதிரி, அதுதான் ஞாபகம். பார்த்திருக்கலாம். ஒரு கணம் நிமிர்ந்து பார்த்திருந்தால் பதினொரு வருஷம் இந்த யோசினை மிச்சம்.

இப்போது மூன்றாவது டிக்கெட் வரப்போகிறது, வந்தால் என்ன நடக்கும் என்பதை நேற்றிரவு தவராணி அயன்பெட்டியால் சேலை மினுக்கிக்கொண்டே சொல்லிவிட்டாள். கோபமில்லை, அதுதான் மோசம், கணக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "இஞ்சேருங்கோ, இன்னொரு டிக்கெட் எண்டா நான் கார்த் திறப்பை வாங்கி வைச்சிடுவன். இந்தக் காரை வித்துப்போடுவம். நான் வேலைக்கு அத்தானோடை போறன், அவர் காலமை நடைப்பயிற்சிக்குக் காரிலை அந்தப் பக்கம்தானே போறவர்." அவள் பாண் பேக்கரியில் வேலை, ஏழு மணிக்கு நிற்கவேண்டும். இவன் பின்னேர வேலை முடித்து வரும்போது அவள் படுத்துவிடுவாள், அவள் எழும்பும்போது இவனுக்கு நித்திரைக் கண். ஆனால் அந்தக் காலமை இருபது நிமிஷம், வீட்டிலிருந்து பேக்கரி மட்டும், அவள் பக்கத்துச் சீட்டில் இருப்பாள். ரேடியோ போடமாட்டார்கள். மகள் எடுத்தவள், மகன் எடுக்கேல்லை, பக்கத்து வீட்டுக்காரர் மரத்தை வெட்டிப்போட்டினம், எனக்குத் தோள் நோகுது, மெதுவாப் போங்கோ, அந்த லைட் மாறப்போகுது, மாறப்போகுது எண்டெல்லே சொல்லுறன். சண்டைதான் பாதி. ஆனால் நாள் முழுக்க அவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் கதைக்கிற கதை அவ்வளவுதான். பேக்கரி வாசலில் இறங்கும்போது சீட் சூடாய் இருக்கும், திரும்பி வரும்போது லைட்டில் நிற்கிற நேரம் அவன் அந்தச் சீட்டில் கையை வைப்பான், ஒருத்தருக்கும் சொன்னதில்லை, இது பணியார வாளிக்கு மட்டும் தெரிந்த விஷயம். நாளையிலிருந்து அந்தச் சூடு சாம்பல் நிறக் காரில். அந்தாள் லைட்டில் கையை வைக்காது, வைக்காது என்று என்ன நிச்சயம், இருபத்திரண்டு வருஷம் ஒரு பிழை விடாத மனுசன் மனதுக்குள் என்னத்தையெல்லாம் அடக்கி வைத்திருக்கும்? ஒன்பது. பெரிய சாதி போடு ராசா, சின்னதென்ன பெரியதென்ன, போட்டு முடி. இல்லை இல்லை, முருகா, போடப்பண்ணாதே.

அந்த நேரம்தான் கண்டான். கொஞ்சம் முன்னால் தெரிகிற லைட்டடியில், இங்கே திருப்பக்கூடாது என்று வளைந்த அம்புக்கு மேலே சிவப்புக் கோடு போட்ட பலகைக்கு நேர்கீழே, இதுவரை கடைவளவொன்றுக்குள் ஒதுங்கி நின்ற ஒரு சாம்பல் நிறக் கார் முழு வட்டம் அடித்துத் திரும்பியது. டயர் கீச்சிட்டது. எதிரே வந்தவன் ஹோர்ன் அடித்தான். கார் எதிர்ப்பக்கத்தால் இவனைக் கடந்து கீழே போனது, பின்னாலிருக்கிற சிக்னல் லைட்டடியில் இன்னொரு வட்டம் அடித்து, பொலிஸ் காருக்குப் பின்னால் வந்து நின்றது. அருளம்பலம் பின்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தான். யாரோ விசரன் என்றுதான் முதலில் நினைத்தான். கதவு திறந்தது. பச்சைப் பட்டுச் சேலையை முழங்கால் மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மல்லிகைப்பூ ஒருபக்கம் தொங்க, செருப்பை விட்டுவிட்டு, தவராணி ஓடிவந்தாள். பொலிஸ்காரன் பதறி இறங்கிக் கையை நீட்டினான். "நில்லுங்கோ அம்மா. இவர் உங்கட மனுசனோ?" "ஓம், என்ன செய்தவர்? நெஞ்சு நோகுது எண்டவரோ? ரெண்டுதரம் அடிச்சன், எடுக்கேல்லை!" "உங்களுக்கு இவரைக் கண்டு பயமோ? பயமெண்டா என்னட்டைச் சொல்லலாம்." தவராணி இரண்டு கையையும் இடுப்பில் வைத்தாள். "இவரைக் கண்டோ? இவரின்ர ஓட்டத்துக்குத்தான் பயம்! முப்பத்துநாலு வருஷமா!" "காரை ஓட்டி வந்தவர் ஆர்?" "அது என்ர அக்காவின்ர மனுசன். பின்னுக்கு அக்கா இருக்கிறா, முழங்கால் ஏலாது." பொலிஸ்காரன் அந்தக் காரைப் பார்த்தான், இந்தக் காரைப் பார்த்தான், பெல்ட் போட்டிருக்கிற வாளியைப் பார்த்தான். பிறகு செம்பட்டை மீசைக்குள் சிரித்துவிட்டான், சத்தியமாய்ச் சிரித்தான். லைசென்ஸை அருளம்பலத்தின் கையில் கொடுத்து, "இடைவெளி விட்டு ஓட்டுங்கோ. மனுசி எங்கையும் ஓடமாட்டா" என்றான். டிக்கெட் இல்லை. எச்சரிக்கை மட்டும். சின்னச் சாதியுமில்லை, பெரிய சாதியுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு பேனாவைத் திறந்துகொண்டு பின்னால் நின்ற சாம்பல் நிறக் காரை நோக்கி நடந்தான்.

தவராணி வாளியின் பெல்ட்டைக் கழற்றி, பின்சீட்டில் வைத்து அங்கேயும் ஒரு பெல்ட் மாட்டிவிட்டு, முன்னால் வந்து இருந்தாள். கால் முழுக்க மண். மூச்சு இரைத்தது. "கண்ணாடியாலை உங்களைத்தான் பாத்துக்கொண்டு வந்தனான். ஒட்டிக்கொண்டு வாறியள் எண்டு அத்தானுக்குச் சொல்லிச் சிரிச்சன். பிறகு பாத்தா ஆளைக் காணேல்லை, பின்னுக்குப் பொலிஸ் லைட். எனக்குக் கையும் ஓடேல்லை காலும் ஓடேல்லை. எப்பிடி வேர்த்திருக்கிறியள், பாருங்கோ," என்று முந்தானையால் அவனின் கழுத்தைத் துடைத்தாள். அவள் துடைத்தது அவனுக்குத் தெரியவில்லை. அவன் பின்கண்ணாடியில் கண். அங்கே விக்கினராசர் கண்ணாடியை இறக்கி, லைசென்ஸை நீட்டி, தலையைச் சரித்துக்கொண்டிருந்தார். பொலிஸ்காரன் எழுதுகிறான். "எப்பிடித் திருப்பினவர்?" "என்ன எப்பிடி? திருப்புங்கோ அத்தான் எண்டன். திருப்பினார்." "திருப்பக்கூடாதெண்டு போர்ட் இருந்ததே." "அவர் கண்டிருக்கமாட்டார், பாவம். என்னாலை அந்தாளுக்கு ஒரு டிக்கெட்." கண்டிருக்கமாட்டார். வேலியில் ஒட்டின பூனை தொலைந்த நோட்டீஸைக்கூடக் காரை நிற்பாட்டி வாசிக்கிற மனுசன். கண்டவர். கண்டுதான் திருப்பினவர். ஒருக்கால் சொன்னாள், யோசிக்கவில்லை, பலகையைப் பார்க்கவில்லை, இருபத்திரண்டு வருஷத்தைத் தூக்கி ரோட்டில் எறிந்துபோட்டுத் திருப்பினவர். இவன் வாங்கின இரண்டு டிக்கெட்டும் யாருக்காக? ஒன்று கோப்பி ஆறிப்போகும் என்று ஓடினது, மற்றது சோம்பல். தவராணிக்காக ஒரு டிக்கெட், ஒரேயொரு டிக்கெட், அவனுடைய பேப்பரில் உண்டோ? இனி மூன்று வருஷம், கிருபாகரன் அந்தாளுடைய பேப்பரை விரிக்கும்போதெல்லாம் அந்த வரி நிற்கும், விரலை வைப்பான், இஞ்சை ஒண்டு நிக்குது அண்ணை என்பான், அந்தாள் தலையைச் சரிக்கும், மாதாமாதம் கூடுதலாய்க் கட்டும், கட்டுகிற ஒவ்வொரு மாதமும் தவராணியை நினைக்கும். "எடுங்கோவன் காரை, தாலி கட்டி முடிஞ்சிடும். நாளைக்கு நீங்கள்தான் என்னை வேலைக்குக் கொண்டுபோய் விடோணும், அத்தானோடை போனா நித்திரை தூங்கி விழுந்திடுவன், அந்தாள் அப்பிடி ஊருது. உங்கட காரிலை ஏறினாத்தான் நான் கண்முழிச்சு இருக்கிறது." இதைக் கேட்கத்தான் அவன் முப்பத்துநாலு வருஷம் இருந்தான். கேட்டது காதில் விழவேயில்லை.

மண்டபத்தில் பொருத்தம் பார்த்த பிள்ளையள் இரண்டும் மாலை மாற்றினார்கள், பணியாரம் நன்றாய்ப் போனது, வாளி வெறுமையாய்த் திரும்பியது. அடுத்த கிழமை அருளம்பலம் கிருபாகரனின் மேல்மாடிக்குப் போய், யாரோ தெரிந்த ஆளுக்கு என்று சொல்லி, பிள்ளையாருக்கு முன்னால் குரலை இறக்கிக் கேட்டானாம்: "தம்பி, ஒருத்தருக்கு விழுந்த டிக்கெட்டை இன்னொருத்தர் தன்ர பேருக்கு மாத்தி எடுக்கலாமோ? சின்னச் சாதிதான். எவ்வளவு கூடினாலும் காரியமில்லை." பதினெட்டு வருஷமாய் இன்சூரன்ஸ் செய்கிற கிருபாகரன், எல்லாரும் தங்கட டிக்கெட்டை எப்படி மற்றவன் தலையில் கட்டுவது என்றுதான் கேட்டுக் கேட்டு அலுத்தவன், பேனாவைக் கீழே போட்டானாம். மாத்த ஏலாது, அவனவன் குற்றம் அவனவன் பேரில்தான் என்று சொன்னானாம். அருளம்பலம் படியிறங்கி, மரக்கறிக் கடை வாசலில் கனநேரம் நின்றானாம். அவ்வளவும்தான். வாளி சொன்னதை நான் சொல்லிப்போட்டன். நீங்கள் இதை எங்கே வேண்டுமென்றாலும் சொல்லுங்கோ, கோப்பிக் கடையிலும் சொல்லுங்கோ, ஆனால் சொன்னது ஆரெண்டு மட்டும் ஒருத்தருக்கும் வாய் விடாதேயுங்கோ, முக்கியமாய் அருளம்பலத்துக்கும், எங்கட வீட்டில் முழங்காலை நீட்டிக்கொண்டிருக்கிற ஆளுக்கும். அந்தப் பலகையைக் கண்டனீரோ காணேல்லையோ என்று இரண்டு பேரும் இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கினம். என்ர பேப்பர் திரும்பவும் துப்புரவாய் வர இன்னும் இரண்டு வருஷமும் நாலு மாதமும் கிடக்கு, அதுமட்டும் பொறுங்கோ.